உங்கள் லைவ் எத்தனை நொடி பழசு?

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. கொஞ்சம் வயதானவர்களுக்கு மோட்டார் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் வருடாவருடம் கார், பைக் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா பார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டிய இடம் அது. 1990வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அந்த நாளில் யார் முந்தினார் என்று உடனே தெரிய வேண்டுமானால் ஓடுதளத்தின் ஓரம் வெயிலில் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு மறுநாள் பேப்பர்தான்.

இப்போது அதே ஊர் வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோட்டில், ஐ.பி.எல். நடக்கும் இரவில், ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். சுவரில் டிஷ் டிவி. பெஞ்சில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், ஆளுக்கொரு போனோடு. டிவியில் ஸ்டம்பு பறக்கிறது. டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் "போச்சுடா" என்கிறார். பெஞ்சில் இருக்கும் தம்பியின் போனில் பவுலர் இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை. "சொல்லாதீங்கண்ணே!" என்று அவர் கத்துவதற்குள் பக்கத்தில் இருப்பவர் யார் அவுட் என்பதையும் சொல்லி முடித்துவிடுகிறார்.

இதில் விநோதம் என்னவென்றால், தூரம் நேர்மாறாக இருக்கிறது. டிவிக்கு வரும் படம் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அதே தூரம் இறங்கி வருகிறது. ஒளியின் வேகத்தில் அந்தப் பயணத்துக்குக் கால் நொடி ஆகும். போனுக்கு வரும் படமோ பெரும்பாலும் சென்னையிலேயே இருக்கும் ஒரு சர்வரிலிருந்து கண்ணாடி இழை வழியாக வருகிறது. இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சேப்பாக்கத்திலிருந்து சோழவரத்துக்கு நேர்க்கம்பி இழுத்தால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆனாலும் விண்வெளிக்குப் போய் வந்த படம் சில நொடிகளில் வந்துவிட, பக்கத்து ஊரிலிருந்து வந்தது இருபது, முப்பது நொடி பின்தங்குகிறது.

அந்தப் பின்தங்கலை ஆப் தயாரிப்பவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நேரலை ஆப்களின் போட்டியை வேகப் போட்டி என்றுதான் விளம்பரங்கள் காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால், எத்தனை நொடி தாமதிக்கலாம் என்று யார் கெட்டிக்காரத்தனமாக முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் போட்டி.

தாமதம் எங்கே பிறக்கிறது? முதலில் சுருக்குதல். முழு எச்.டி. படத்தில் ஒரு பிரேமுக்கு 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 பிரேம் என்றால் நொடிக்கு 124 கோடி பிட்டுக்கு மேல் வரும். இதை எந்த ரீசார்ஜும் தாங்காது. அதனால் எச்.264 போன்ற சுருக்கும் முறைகள் எல்லாப் பிரேமையும் முழுசாக அனுப்புவதில்லை. கீ பிரேம் என்று ஒன்றை முழுப் படமாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கின்றன. புல்தரை அப்படியே இருக்கிறது, பந்து மட்டும் நகர்ந்தது என்கிற மாதிரி. 124 கோடி பிட் இப்படித்தான் சில பத்து லட்சங்களாகச் சுருங்குகிறது. நீங்கள் நடுவில் ஆப்பைத் திறந்தால் அடுத்த கீ பிரேம் வரும்வரை போனால் படமே வரைய முடியாது. கீ பிரேமை அடிக்கடி வைத்தால் டேட்டா எகிறும், அரிதாக வைத்தால் காத்திருப்பு எகிறும்.

அடுத்தது துண்டு போடுவது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை நேரலையைச் சின்னச் சின்னக் கோப்புகளாக வெட்டுகிறது. ஒவ்வொன்றும் கீ பிரேமில் தொடங்கும். இதில் இருக்கும் சாமர்த்தியம், அந்தத் துண்டு ஒரு வலைப்பக்கத்துப் புகைப்படம் போலச் சாதாரணக் கோப்பு என்பதே. ஒருமுறை சென்னை சர்வருக்கு வந்துவிட்டால் அதன் நகலை எத்தனை லட்சம் பேருக்கும் கொடுக்கலாம். பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 6 நொடித் துண்டு என்றால் அந்த 6 நொடியும் மைதானத்தில் நடந்து முடியும்வரை துண்டு முழுமையாகாது. ஆப்பிளின் வழிகாட்டுதலோ, கடைசித் துண்டிலிருந்து மூன்று துண்டு நீளம் தள்ளிப் படத்தை ஓட்டத் தொடங்கு என்கிறது. அதிலேயே 18 நொடி போயிற்று. சுருக்கும் நேரம், நாலைந்து தரங்களில் தயாரிக்கும் நேரம், சர்வருக்குச் சர்வர் கைமாறும் நேரம் எல்லாம் தனி.

ஏன் மூன்று துண்டு தள்ளி நிற்க வேண்டும்? சோழவரத்துக்காரருக்கு இதை விளக்க ஏரியே போதும். பூண்டியிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் சோழவரத்தில் தங்கி, பிறகு புழலுக்குப் போகிறது. சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, புழலின் 3,300-ஐப் பார்க்கச் சின்ன ஏரிதான். ஆனாலும் கால்வாயில் சில நாள் வரத்து நின்றால் புழலுக்குப் போகும் தண்ணீர் உடனே நின்றுவிடாது. போனுக்குள் இருக்கும் பஃபர் இந்த வேலையைத்தான் செய்கிறது. நெட் ஐந்து நொடி படுத்துவிட்டாலும் தேங்கியிருப்பதை வைத்துப் படம் ஓடும். தேங்கியது தீர்ந்தால்தான் "சுத்துது" என்று நாம் திட்டுகிற அந்த வட்டம் வரும். ஆனால் ஏரியில் நிற்பது ஏற்கெனவே வந்த தண்ணீர். பஃபரில் 18 நொடி நிற்கிறது என்றால் நீங்கள் பார்ப்பது குறைந்தது 18 நொடி பழைய ஆட்டம்.

சினிமாவுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நெட் நன்றாக இருக்கும்போது படத்தின் அடுத்த நாலு நிமிடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் நெட்பிளிக்ஸோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். நெட்டின் வேகத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, பஃபரில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். படம் நின்று நின்று ஓடுவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. நேரலையில் இந்த வித்தைக்கு இடம் கொஞ்சம்தான். தோனி அடுத்த பந்தை இன்னும் சந்திக்கவே இல்லை, அதை எங்கிருந்து இறக்கி வைப்பது? வருங்காலம் இல்லாத இடத்தில் சேமிக்க ஒரே வழி, இறந்தகாலத்தில் தங்கிவிடுவது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகப் போக போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மாறுவது கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் மாறுவதற்கு முன்னும் பின்னும் சில நொடிகள் சிக்னல் தேய்ந்துபோகும். 20 நொடி பஃபர் வைத்திருக்கும் கிரிக்கெட் ஆப் அதைக் காட்டிக்கொள்ளவே செய்யாது, மிஞ்சினால் படம் கொஞ்சம் மங்கித் தெளியும். அதே இருக்கையில் வீடியோ கால் பேசுகிறவரின் முகம் பொன்னேரி தாண்டுவதற்குள் பலமுறை உறைந்து நிற்கும். வீடியோ காலுக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி முறையில் தாமதம் அரை நொடிக்கும் கீழே. தொலைந்த தகவலுக்காக அது காத்திருப்பதில்லை, போனது போகட்டும் என்று அடுத்ததைக் காட்டும். அரட்டைக்கு அது சரி. கடைசி ஓவருக்கு ஒத்துவராது. தவிர, ஒவ்வொரு பார்வையாளருடனும் சர்வர் தனித்தனியாகத் தொடர்பில் இருக்க வேண்டும். துண்டுகளை நகலெடுத்து விநியோகிக்கும் வசதி அங்கே இல்லை. கூட்டம் கோடியைத் தொட்டால் செலவு கண்ணைக் கட்டும்.

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்ட முதல் பெரிய சண்டை 2015இல் அமெரிக்காவில் நடந்தது. பிப்ரவரி கடைசியில் மீர்கேட் என்ற ஆப் வந்தது. பட்டனை அழுத்தினால் உங்கள் போன் கேமரா லைவ் ஆகிவிடும், ட்விட்டரில் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குத் தகவல் போகும். சில வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. ட்விட்டர் சும்மா இருக்குமா? பெரிஸ்கோப் என்ற சின்ன நிறுவனத்தை அது ஏற்கெனவே வாங்கிப்போட்டிருந்தது. மார்ச் நடுவில், தன் நண்பர் பட்டியலை மீர்கேட் பயன்படுத்த முடியாதபடி கதவைச் சாத்தியது. மார்ச் 26இல் பெரிஸ்கோப்பை வெளியிட்டது. மே மாதம் மேவெதர், பக்கியாவ் குத்துச்சண்டை நடந்தபோது, பணம் கட்டி டிவியில் பார்த்தவர்கள் அந்த டிவியையே பெரிஸ்கோப்பில் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். 2016இல் பேஸ்புக் லைவ் எல்லோருக்கும் திறந்தது. அந்த வருடமே மீர்கேட் மூடிக்கொண்டது, 2021 மார்ச்சில் பெரிஸ்கோப்பும் போயிற்று.

இந்த வரலாற்றைவிட எனக்குப் பிடித்தது, பெரிஸ்கோப்பின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த ஓர் ஆய்வு. 2016இல் சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒரு லைவில் முதலில் நுழையும் சுமார் 100 பேருக்கு பெரிஸ்கோப் ஒரு வழியில் படம் அனுப்பியது. அவர்களுக்குத் தாமதம் ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதற்குப் பிறகு வந்தவர்களை எச்.எல்.எஸ். வழிக்குத் தள்ளியது, அவர்களுக்குத் தாமதம் கிட்டத்தட்ட 12 நொடி. அதில் பாதிக்கு மேல் போன் தானே வைத்துக்கொண்ட பஃபர், அதுவும் தேவைக்கு அதிகமாக. பின்னால் வந்தவர்கள் கமென்ட் போட முடியாது, இதயக்குறி மட்டும் தட்டலாம். சிக்கல் அங்கேதான். நீங்கள் பாடி முடித்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமும்போது பாட்டுக்கான இதயங்கள் வந்து சேரும். செருமலுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பேஸ்புக் லைவுக்குப் பெரிய அரங்கேற்றம் 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டம். டிவி கேமரா போகாத மூலைகளிலிருந்தும் போன்கள் லைவ் போட்டன. 2020 ஜூன் 29இல் மத்திய அரசு தடைசெய்த, சீனத் தொடர்புள்ள 59 ஆப்களில் டிக்டாக், லைக்கீ, பிகோ லைவ் எல்லாம் இருந்தன. அந்தக் கூட்டம் அப்படியே யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கம் திரும்பியது. தொழில்நுட்பத்தில் தோற்காமல் எல்லை அரசியலில் தோற்ற ஆப்கள் அவை.

லைவ் பார்ப்பதைவிட லைவ் போடுவது கஷ்டம். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோவிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கூட்டத்துக்கு நடுவே நின்று, ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சுவாமி புறப்பாட்டை லைவில் காட்டப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் பதில் சொல்வது பெரும்பாலும் சுமார் 0.2 வாட்டில். போதாதற்கு, ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் 4ஜி, 5ஜி வலைகளில் பெரும்பங்கு நேரம் இறக்குவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும், ஏற்றுவதற்கு மிச்சம்தான். நாம் பார்க்கிற ஜனம், போடுகிற ஜனம் அல்ல என்று கம்பெனிகள் எப்போதோ போட்ட கணக்கு அது. கல்யாணம், கும்பாபிஷேகத்துக்கு யூடியூப் லைவ் எடுக்கும் வீடியோக்காரர்கள் இரண்டு மூன்று கம்பெனி சிம்களைச் சேர்த்துப் பிடித்து ஏற்றும் கருவியோடு வருவது அதனால்தான்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். இந்தியாவில் உண்மையான யுத்தம் அங்கேதான். 2015 உலகக் கோப்பையை ஒட்டி ஹாட்ஸ்டார் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. 2018 ஐ.பி.எல். இறுதியில், வாட்சன் சதம் அடித்த அந்த ஆட்டத்தில், ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 1 கோடியைத் தாண்டினார்கள். 2019இல் மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி, மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய் ஜூலை 10இல் முடிந்தது. அன்று 2.53 கோடி பேர்.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பிறகு மேடையில் விவரித்திருக்கிறார்கள். தோனி இருக்கும்வரை கூட்டம் ஏறிக்கொண்டே போனது. நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டது, தோனி ரன் அவுட். அவ்வளவுதான், சில நிமிடங்களில் கோடிகள் காணாமல் போயின. கூட்டம் போனால் சர்வருக்கு நிம்மதி என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. மனமுடைந்தவர்கள் எல்லோரும் பேக் பட்டனை அழுத்தினார்கள். பேக் அழுத்தினால் ஆப்பின் முகப்புப் பக்கம் வரும். அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டிய பக்கம்: உங்களுக்குப் பிடித்த சீரியல், பாதியில் விட்ட படம், பரிந்துரைகள். வீடியோத் துண்டை நகலெடுத்துக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க முடியாது. கோடிக்கணக்கானவர்களின் சோகம் ஒரே நிமிடத்தில் ஒரே கதவைத் தட்டும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே அந்தக் கதவையும் பலப்படுத்தி வைக்க வேண்டும். கூட்டம் வந்த பிறகு புதிய சர்வர் எழுப்பிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நேரம் போதாது. நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் வருகிற இடத்தில், ஒரு சர்வர் கண்விழிக்கும் ஒன்றரை நிமிடம் பெரிய காலம். நெருக்கடி வந்தால் பரிந்துரை போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றுவதற்கும் தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள்.

2022இல் ஐ.பி.எல். டிஜிட்டல் உரிமையை 2023 முதல் ஐந்து வருடத்துக்கு ரூ. 20,500 கோடிக்கு ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்18 எடுத்தது. ஆட்டத்துக்கு ரூ. 50 கோடி. அந்த வருடக் கடைசியில் கால்பந்து உலகக் கோப்பையின் முதல் நாளில் வயாகாம்18-இன் ஆப்பான ஜியோசினிமா சுற்றிச் சுற்றி நின்று வசவு வாங்கியது. ஆனால் 2023இல் ஐ.பி.எல்-ஐ இலவசமாகவே கொடுத்தது, தமிழ் வர்ணனையோடு. சென்னை, குஜராத் இறுதியில் 3.2 கோடி பேர் என்றது. ஹாட்ஸ்டார் பதிலுக்கு அந்த வருட உலகக் கோப்பையைப் போனில் இலவசமாக்கியது. நவம்பர் 19 இறுதியில் 5.9 கோடி. ஒப்பிட்டுப் பார்க்க: அதே வருட ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 80 லட்சத்துக்கு மேல், அதுவே உலகச் சாதனையாகப் பேசப்பட்டது. இந்தப் பார்வையாளர் எண்களெல்லாம் அந்தந்தக் கம்பெனியே எண்ணி அந்தந்தக் கம்பெனியே சொல்வது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இலவசத்துக்கு இலவசம் என்று இரண்டு பேரும் பணத்தை எரித்தார்கள். 2024 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. ஜியோஹாட்ஸ்டார் என்ற ஆப் 2025 பிப்ரவரி 14 அன்று வந்தது. நாள் பார்த்துத்தான் முடித்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் டீக்கடைத் தம்பியின் போன் டிவிக்குப் பின்னால்தான். குறைக்கவே முடியாது என்பதில்லை. 2019இல் ஆப்பிள் அறிவித்த குறைதாமத எச்.எல்.எஸ். முறையில், துண்டு முழுமையாகும் முன்பே அதன் சின்னச் சின்னப் பகுதிகளை அனுப்பி, தாமதத்தை இரண்டு முதல் ஐந்து நொடிக்குள் கொண்டுவரலாம். ஆனால் பஃபரும் அந்த அளவுக்கு வற்றிவிடும். எதிராளியின் ஆப்பைவிடப் பத்து நொடி முந்தினால் யாரும் கைதட்டப்போவதில்லை. கடைசி ஓவரில் ஒருமுறை சுற்றினால் போதும், ஊரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு நாறடித்துவிடும். 2024 நவம்பரில் டைசன் குத்துச்சண்டையை ஒளிபரப்பிய நெட்பிளிக்ஸுக்கு அதுதான் நேர்ந்தது. 6.5 கோடி ஸ்ட்ரீம்கள் ஒரே நேரத்தில் ஓடின என்ற சாதனையைவிட, படம் நின்றுபோனதுதான் பேச்சானது. அதனால் தாமதமாக இருப்பதையே ஆப்கள் பாதுகாப்பாக நினைக்கின்றன. என் கணிப்பில் இது இப்போதைக்கு மாறாது.

மாற்றக்கூடிய வழி ஒன்று இணையத்துக்கு வெளியே இருக்கிறது. டிவி ஒளிபரப்பில் ஒரு சிக்னல் எல்லோருக்கும் போகிறது, ஒருவர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றே. ஆப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஓடை. ஆளுக்கு நொடிக்கு 10 லட்சம் பிட் என்று வைத்தாலே 5.9 கோடி பேருக்கு நொடிக்கு 59 லட்சம் கோடி பிட். டவரையும் இழையையும் அடைப்பது இதுதான். டி2எம் என்கிற, போனுக்கே நேரடியாக ஒளிபரப்பும் முறையை ஐஐடி கான்பூரும் பிரசார் பாரதியும் சாங்க்யா லேப்ஸும் சேர்ந்து பெங்களூரு, டெல்லி, நொய்டாவில் சோதித்தன. பழைய டிவி அலைவரிசையான 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸில் சிம்மும் டேட்டாவும் இல்லாமல் படம் வரும். போனுக்குள் அதற்கான சிப் வேண்டும் என்பதால் போன் தயாரிப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டேட்டா விற்கிறவர்கள் சந்தோஷப்படக் காரணம் இல்லை. ஆப்காரர்களுக்கும்தான். ஓவர் முடிந்ததும் உங்கள் போனில் கார் விளம்பரமும் பக்கத்து போனில் பெயின்ட் விளம்பரமும் வருகிறதே, அது ஆளுக்கொரு தனி ஓடை இருப்பதால்தான் முடிகிறது. உங்களுக்கு எந்த விளம்பரம் என்று முடிவெடுத்து ஓடைக்குள் ஒட்டவும் அந்தச் சில நொடித் தாமதம் கைகொடுக்கிறது. ஆட்டத்துக்கு 50 கோடி கொடுத்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க எளிதில் சம்மதிக்க மாட்டார்கள்.